அரங்குக்கு இடம் பிடியுங்கள், நட்சத்திரத்துக்கு அல்ல

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் காமிக்-கான் என்ற காமிக்ஸ், திரைப்பட ரசிகர்களின் விழாவுக்கு நுழைவு பேட்ஜ் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. விழாவுக்கு வருகிறவர்கள் 1,30,000 பேருக்கும் மேல். பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் படங்களை அறிவிக்கும் ஹால் ஹெச் அரங்கில் இருப்பதோ சுமார் 6,500 இருக்கைகள். அதாவது இருபதில் ஒருவருக்குத்தான் இடம். அடுத்த பெரிய அரங்கான பால்ரூம் 20 இதைவிடவும் சிறியது. இந்த நெருக்கடியில், மாலை ஐந்து மணிப் பேனலுக்கு (மேடை உரையாடலுக்கு) நாலரைக்கு வந்து நிற்பவர் ஏமாறுவது உறுதி. இங்கே இருக்கை பேனலுக்குத் தரப்படுவதில்லை, அரங்குக்குத் தரப்படுகிறது. இதைப் புரிந்துகொண்டு திட்டமிடுகிறவருக்கே இடம் கிடைக்கிறது.

காரணம் எளியது. ஒரு பேனல் முடிந்ததும் அரங்கைக் காலி செய்யச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. காலையில் உள்ளே போய் உட்கார்ந்தவர் இரவுவரை அதே நாற்காலியில் இருக்கலாம். 2024 ஜூலை 27, சனிக்கிழமை மாலை, நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர் முகமூடியைக் கழற்றி, மார்வெல் படங்களின் வில்லன் டாக்டர் டூமாக நடிக்கப்போவது தானே என்று அறிவித்தபோது கைதட்டியவர்களில் பலர் வெகுநேரம் முன்பே உள்ளே இருந்தவர்கள். ஆகவே நிகழ்ச்சி நிரல் வந்ததும் (விழாவுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் வரும்) உங்கள் அபிமான நடிகரின் பெயரைத் தேடுவதோடு நிற்காதீர்கள். அந்த அரங்கில் அன்று முழுக்க என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகப் படியுங்கள். உங்கள் பேனலுக்கு முந்தையதும் அதே ரசிகர்களுக்கானது என்றால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். முந்தையது முற்றிலும் வேறு ரகம் என்றால், அது முடிந்ததும் ஒரு கூட்டம் வெளியேறும். வெளி வரிசை நகர்வது அப்போதுதான்.

ஹால் ஹெச்சுக்கு 2014 முதல் ரிஸ்ட்பேண்ட் (மணிக்கட்டுப் பட்டை) முறை இருக்கிறது. மறுநாளுக்கான பட்டைகளை முந்தைய நாளே வரிசையில் நிற்பவர்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வாரியாகக் கட்டிவிடுகிறார்கள். எந்த எழுத்து கட்டியிருக்கிறதோ அந்த வரிசைப்படி உள்ளே போகலாம். அறைக்குப் போய்த் தூங்கிவிட்டுக் காலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பினால் போதும் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் இது வரிசையை ஒழித்துவிட்டதாக எண்ண வேண்டாம், முதல் நாளுக்கு நகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். பட்டை அவரவர் கையில்தான் கட்டப்படும். விநியோக நேரத்தில் நண்பர்கள் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். ஆக, சனிக்கிழமை ஹால் ஹெச் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையின் பெரும்பகுதியையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும். இந்த விலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

பேனலுக்குப் பேனல் அரங்கைக் காலி செய்யாத இந்த முறை நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. தனக்கு அக்கறையில்லாத பேனலில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தொடரின் உண்மையான ரசிகர் வெளியே வெயிலில் நிற்கிறாரே என்கிறார்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு பேனலுக்கும் 6,500 பேரை வெளியேற்றி, அதே எண்ணிக்கையை மறுபடி உள்ளே அமர்த்த எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசியுங்கள். ஒரு நாளில் நடக்கும் பேனல்களில் பல காணாமல் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை முளைக்கும். அதோடு, யாரும் கேள்விப்படாத ஒரு புதுத் தொடருக்கு நிறைந்த அரங்கு கிடைப்பதும் இந்த முறையால்தான். குறை உள்ள முறைதான், ஆனால் மாற்று வழி இதைவிட மோசம் என்பதே என் முடிவு.

எல்லாம் யூடியூபில் வந்துவிடும்போது ஒரு நாளை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 2023 ஜூலையில் கமல்ஹாசனும் பிரபாஸும் சான் டியாகோ சென்று ‘கல்கி 2898 ஏடி’ படத்தை அறிமுகப்படுத்தினார்கள். அதன் முன்னோட்டத்தைச் சென்னையில் இருந்தவர்களும் இணையத்தில் உடனே பார்த்துவிட்டார்கள். முன்னோட்டம் மட்டுமே வேண்டுமென்றால் வரிசையே தேவையில்லை. ஆனால் 2015-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ பேனல் முடிந்ததும் அரங்கில் இருந்த அத்தனை பேரையும் கடற்கரையோரம் நடந்த சிம்பொனி கச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். அது அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. அரங்கில் மட்டும் காட்டி வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் காட்சிகளும் உண்டு. செய்தி வேண்டுமா, அங்கே இருக்கும் அனுபவம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

அனுபவம்தான் வேண்டும் என்றால் சில நடைமுறைகள் உதவும். இரு பேனல்களுக்கு இடையே ஊழியர்கள், பக்கத்தில் காலி நாற்காலி இருந்தால் கையைத் தூக்குங்கள் என்பார்கள். உயரும் கைகள் பெரும்பாலும் ஒற்றை இருக்கைகளையே காட்டும். நண்பர்கள் பிரிந்து உட்காரத் தயாராக இருந்தால் உள்ளே போகும் வாய்ப்பு கூடும். பகலில் வெயில் அடித்தாலும் துறைமுகக் காற்றில் இரவு குளிரும், ஒரு மேல்சட்டை அவசியம். தண்ணீர், வயிற்றுக்கு நிற்கும் உணவு, பவர் பேங்க் மூன்றையும் மறக்கக் கூடாது. வரிசையில் இடம் போய்விடுமோ என்ற பதற்றத்தில் ஓடாதீர்கள். 2012-ல் ‘ட்வைலைட்’ பேனலுக்காகக் காத்திருந்த ரசிகை ஒருவர் அருகிலிருந்த சாலையைக் கடக்கையில் கார் மோதி இறந்துபோனார். எந்தப் பேனலும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

நான்கு நாளும் பெரிய அரங்கையே துரத்தினால் விழாவைப் பார்க்காமலே ஊர் திரும்ப நேரும். ஒரே ஒரு நாளைப் பெரிய அரங்குக்குக் கொடுங்கள். மற்ற நாட்களில் ஓவியர்களும் எழுத்தாளர்களும் பேசும் சிறிய அறைகளுக்குப் போங்கள். அங்கே இடமும் கிடைக்கும், கேள்வி கேட்க மைக்கும் கிடைக்கும். பெரிய அரங்கில் நீங்கள் வந்த வேலை முடிந்துவிட்டால், தயவுசெய்து எழுந்து வெளியே வாருங்கள். அந்த நாற்காலிக்காக ஒருவர் வாசலில் காத்திருக்கிறார்.