வைக்கோலை மக்கச் செய்யும் வெப்பப் பங்கசு

கூட்டெருக் குவியல் அமைத்து நான்கைந்து நாட்கள் சென்றபின் அதனுட் கையை விட்டாற் சுடும் என்பதைக் கமக்காரர் அறிவர். இச்சூடு வெயிலால் வருவதன்று. வைக்கோலை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுவிடுவதால் எழுவது. அவற்றுட் சில பங்கசுகள் 45 முதல் 50 பாகை செல்சியசு வெப்பத்திலேயே செழித்து வளரும். கியூமிக்கோலா இன்சோலென்சு என்பது அத்தகையது.

வைக்கோலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு செலுலோசு ஆகும். இது குளுக்கோசு என்னும் வெல்லக் கூறுகள் கோத்த நீண்ட சரம். சரங்கள் நெருங்கி அடுக்கியிருப்பதால் நீரிற் கரையா. வாயில்லாத பங்கசு இதனை உண்பது எவ்வாறு? செலுலேசு என்னும் நொதியத்தைச் சுரந்து, சரத்தை வெளியிலேயே துண்டித்து, கரைந்த வெல்லத்தை உறிஞ்சிக் கொள்கிறது.

இப்பங்கசின் நொதியங்களுள் ஒன்று வெட்டும் விதத்தை 1993ஆம் ஆண்டில் இங்கிலாந்து, தென்மார்க்கு நாடுகளின் அறிஞர் வெளியிட்டனர். நொதியத்தைச் சீனிபோலப் பளிங்காக்கி, எக்சுக்கதிர் பாய்ச்சி, அதன் வடிவை அறிந்தனர். அதன் மேற்பரப்பில் வாய்க்கால் போன்றதொரு பள்ளம் உண்டு. ஒரு மில்லிமீற்றரை இரண்டரை இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே அதன் நீளம்! செலுலோசுச் சரம் அதிற் படிகிறது. பள்ளத்தின் இரு கரைகளிலும் அசுபாட்டிக் அமிலக் கூறு ஒவ்வொன்று நிற்கிறது. ஒன்று இணைப்பைத் தளர்த்த, மற்றது நீர் மூலக்கூறொன்றை அவ்விடத்திற் செலுத்த, சரம் அறுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவாகும். ஆதலால் ஈரமின்றிப் பங்கசும் வளராது, நொதியமும் வெட்டாது.

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலோ தொல்லை வேறு. இங்கு மழையே மிகுதி. ஊறிய குவியலிற் காற்றுப் புகாது, பங்கசு அடங்கும், நாற்றம் எழும், வைக்கோலிலுள்ள பொட்டாசும் கழுவுண்டு போகும். எனவே மேட்டு நிலத்திற் குவித்துக் கிடுகால் மூடுக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடையில் ஓரிரு துளி கசிவதே அளவான ஈரம்.

நொதியம் என்பது புரதம். புரதத்துக்கு நைதரசன் வேண்டும். வைக்கோலில் அது சொற்பமே. தேயிலை மலைகளில் வெட்டும் கிளிரிசிடியாத் தழையையும் மாட்டுச் சாணத்தையும் அடுக்கடுக்காக இடுவது இதற்காகவே. இதனை விடுத்துத் தனி வைக்கோலைக் குவிப்பது வீண்வேலை.

குவியலின் நடுவே இரும்புக் கம்பியொன்றைச் செருகிச் சிறிது நேரத்தின்பின் இழுத்துப் பார்க்கவும். பிடிக்கவொண்ணாது சுட்டாற் குவியலைப் புரட்டுக. 60 பாகைக்கு மேல் இப்பங்கசுகள் வளரமாட்டா. கம்பி குளிர்ந்திருப்பின் ஈரத்தையும் காற்றையும் கவனிக்கவும்.

எரு பக்குவப்பட ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, போதிய கூட்டெருவை ஒரு போகத்துக்குள் ஆக்க இயலாமற் போனமை நினைவிருக்கும். பெரும்போக வைக்கோலை எரியாது மாசியிற் குவிப்போருக்கு வைகாசியில் மரக்கறிப் பாத்திக்கு எரு கிடைக்கும். அரைகுறையாக மக்கியதை இடவேண்டாம். அது மண்ணின் நைதரசனை ஈர்த்துக்கொள்ள, நாற்று மஞ்சளிக்கும். புரட்டிய பின்னும் குவியல் மீண்டும் சூடேறாவிடின், ஈரமும் அளவாக இருப்பின், எரு ஆயிற்று எனக் கொள்ளலாம்.