ஆறே ஆறு எண்கள்!
(இரண்டாமாண்டு மின்னணுவியல் மாணவன்)

கணக்கைத் திருடுகிறவன் பெரிய கம்ப்யூட்டர் மேதையாக இருப்பான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றோரின் கணக்குகளே பறிபோயின. அங்கேயும் ஊழியர்களிடம் போனில் பேசி ஏமாற்றித்தான் உள்ளே நுழைந்தார்கள். பிடிபட்டவர்களில் ஒருவனுக்கு வயது 17. என்னைவிட ஒரு வயது சின்னவன்!

என்னை ஏமாற்றப் பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. பள்ளித் தோழன் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "டேய், தெரியாம ஒரு ஆறு நம்பர் கோடு உன் போனுக்கு வந்துடுச்சு, அனுப்புடா." அனுப்பினேன். அவன் கணக்கு முந்தின நாளே பறிபோனது எனக்கு எப்படித் தெரியும்? அந்த எஸ்.எம்.எஸ்.ஸிலேயே யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருந்தது. நான் எண்ணை மட்டும்தான் படித்தேன்.

அந்த ஆறு எண்கள் வேறொன்றுமில்லை, என் நம்பரை இன்னொரு போனில் பதிவு செய்வதற்கான சாவி. அடுத்த நிமிடம் என் வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிவிட்டது. என் பழைய செய்திகள் அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நான் இருந்த குரூப்புகள் கிடைத்தன. எங்கள் குடும்ப குரூப்பும் அதில் உண்டு.

சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். "என்னப்பா, பீஸ் கட்டிட்டியா?" 4,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார். கொத்தனார் வேலை பார்க்கிறவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பீஸ் என்று கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உடனே 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் எடுக்கப்படாமல் முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் சொல்வதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

கணக்கை மீட்பது எப்படி? நம் போனில் திரும்ப நம்பரைப் பதிந்து, வருகிற புதுக் கோடைப் போட்டால் திருடன் அந்தக் கணமே வெளியேறிவிடுவான். ஆனால் அவன் முந்திக்கொண்டு 'இரண்டடுக்குச் சரிபார்ப்பு' பின் போட்டிருந்தால் நாமும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன்.

அந்தப் பின்னை நாம் முதலிலேயே போட்டிருந்தால்? எஸ்.எம்.எஸ். கோடு போனாலும் அது மட்டும் வைத்து அவனால் நுழைய முடியாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதியில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. மறந்துபோனால் மீட்க ஈமெயிலும் கொடுத்துவிடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தையும் அப்பப்ப பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

இன்ஸ்டாகிராம், பேஸ்புக்கிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே பாஸ்வேர்டும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சின்னக் கணக்கு: நாலு இலக்கம் என்றால் 10,000 வகைதான். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள் என்றால் ஏறக்குறைய 20,880 கோடி! ஆனாலும் எல்லா இடத்திலும் அதே பாஸ்வேர்டு என்றால், ஒரு இடத்தில் கசிந்தாலே எல்லாம் போச்சு.

போன ஞாயிறு சித்தப்பா போனிலும் பின் போடச் சொன்னேன். வண்டி நம்பரைச் சொல்லி, முன்னால் இரண்டு சைபர் சேர்த்துக்கோ என்றார். வேற சொல்லுங்க சித்தப்பா என்றேன்.