பிசியோதெரபி படிக்கலாமா? முதலில் நின்று பாருங்கள்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த தர்மபுரி மாணவர்கள், பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் ஓரிரு நாள் பிசியோதெரபி கிளினிக்கில் நின்று பார்க்கலாம். சிறிய கிளினிக்கில் நேரில் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் பள்ளிக் கடிதத்துடன் போங்கள்.

மெஷினையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கவாதம் வந்தவரை எழுப்பி நிற்கவைக்கும் கைகளைக் கவனியுங்கள். வேலையில் பாதி அதுதான், மீதி பேச்சு. வலிக்கிறது என்று முரண்டுபிடிப்பவரை இன்னும் ஐந்து முறை முழங்காலை மடக்க வைப்பது லேசுப்பட்டதல்ல. நோயாளி சம்மதித்தால் மட்டும் அருகில் இருங்கள். தொடக் கூடாது, செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அந்த வேலை பற்றியும் விசாரியுங்கள். சம்பளத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.