கருமணல் கரையில் ஒரு கணக்கு

கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மணல் கறுப்பாகத் தோன்றும். அதில் மோனசைட் என்னும் கனிமம் கலந்துள்ளது. மோனசைட்டில் உள்ள தோரியம் இடைவிடாது கதிர்வீச்சை வெளியிடும். நீண்டகரை, சவறை, ஆலப்பாடு முதலிய ஊர்களின் மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மணல் மீதே வாழ்ந்து வருகின்றனர். ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் கால்வாயும் அமைந்த ஆலப்பாட்டை ஏறக்குறைய ஒரு தீவு எனலாம். இம்மணலால் அங்குப் புற்றுநோய் மிகுகின்றதா?

ஒரு தெருவில் மூவர் நோயுற்றால் ஊரே அஞ்சும். அவ்வச்சம் விடையாகாது. 2,000 பேர் வாழும் சிற்றூரில் ஓராண்டில் 4 பேருக்கும், 20,000 பேர் வாழும் நகரில் 20 பேருக்கும் புதிதாக நோய் கண்டது எனக் கொள்வோம். நகரில்தான் நோய் மிகுதி என்று தோன்றும். இலட்சம் பேருக்கு எத்தனை எனக் கணக்கிட்டால் சிற்றூரில் 200, நகரில் 100. இதுவே நிகழ்வு வீதம். நோயால் இறந்தோரை இவ்வாறே கணக்கிட்டால் அது இறப்பு வீதம். ஆயினும் சிற்றூரின் ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பலாகாது. மறு ஆண்டு அந்த 4 ஒன்றாகவும் குறையலாம். முதியோர் மிகுந்த ஊரில் இவ்விரு வீதங்களும் இயல்பாகவே உயரும். ஆகவே பல ஆண்டுகள், பல்லாயிரவரை, வயதையும் குறித்துக்கொண்டு எண்ண வேண்டும்.

அவ்வாறு எண்ணும் அமைப்பே புற்றுநோய்ப் பதிவகம். இந்தியாவில் முதலாவது பதிவகம் 1963இல் மும்பையில் தோன்றியது. கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் இப்பணியைத் தொடங்கியது. பணியாளர் வீடுவீடாகச் சென்று ஒவ்வொருவரின் வயது, தொழில், புகையிலைப் பழக்கம் ஆகியவற்றைக் குறித்தனர். வீட்டின் உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தனர். மருத்துவமனை ஏடுகளையும் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டனர். ஒருவரே ஓரிடத்தில் வீட்டுப் பெயருடனும் வேறோரிடத்தில் தலைப்பெழுத்துடனும் பதிவாகியிருக்கலாம். அவரை இருமுறை எண்ணிவிடக் கூடாது. பொறுமை வேண்டும் பணி இது.

2009இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 2005 இறுதிவரை 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. கதிர்வீச்சு மிகுந்த இடங்களில் வாழ்ந்தோரிடம் அந்நோய் கூடுதல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே மக்களிடம் செய்த ஆய்வுகள், பீடி புகைத்தோரிடம் நுரையீரல் புற்றுநோயும், புகையிலை மென்றோரிடம் வாய்ப் புற்றுநோயும் மிகுதி எனக் காட்டின. மணலை நோக்கிய அச்சத்தில் கையிலிருந்த பீடி மறைந்திருந்தது!

எல்லையோர ஊர்களில் இக்கணக்கு இன்னும் கடினம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தவர் மதுரையிலும், கொழிஞ்சாம்பாறையினர் கோயம்புத்தூரிலும் சிகிச்சை பெறுவதுண்டு. அவர்களை எவ்வூர்க் கணக்கில் சேர்ப்பது? பதிவகம் மருத்துவமனை இருக்கும் ஊரைக் கொள்ளாது. நோயாளி ஓராண்டேனும் வாழ்ந்துவந்த ஊரையே கொள்ளும். அவர் உறவினரின் மதுரை முகவரியைத் தந்துவிட்டால் மதுரையில் ஒன்று கூடும். மூணாற்றில் ஒன்று குறையும். பணி ஓய்வுக்குப்பின் சொந்த ஊர் சென்று அவர் இறப்பின், நோய் ஒரு மாநிலத்திலும் இறப்பு மற்றொரு மாநிலத்திலும் பதிவாகும். இரண்டையும் இணைப்பவர் இல்லையெனில், தோட்டத்தில் நோய் குறைவு என்றே ஏடு சொல்லும். அங்கு மருத்துவ வசதி வேண்டும் எனக் கேட்கவும் சான்று இராது.

சொற்பொருள்
வீதம் – குறிப்பிட்ட தொகைக்கு இத்தனை என்னும் அளவு
ஏடு – பதிவுப் புத்தகம்
மிகுதி – கூடுதல்

பயிற்சி
1. 4,000 பேர் வாழும் ஊரில் ஓராண்டில் 6 பேருக்குப் புதிதாக நோய் கண்டது. நிகழ்வு வீதம் என்ன?
2. நோயாளி தம் முகவரியைச் சரியாகத் தருவது ஏன் தேவை? மூன்று வாக்கியங்களில் எழுதுக.
3. பிரித்து எழுதுக: அவ்வச்சம், இவ்விரு, அம்மணல்.