மூல நிரலும் மறுகட்டமைப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு கொள்முதல் செய்வோர் மூட்டையின் முத்திரையை மட்டும் நம்புவதில்லை. பப்பாளி விதை கலந்துள்ளதா என ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது வழக்கம். மென்பொருள் வாங்கும் அரசுத் துறைகளுக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. கணிப்பொறிக்கு மட்டுமே விளங்கும் எந்திர வடிவமே பெரும்பாலும் அவற்றின் கைக்கு வருகிறது.

மூல நிரலையும் ஒப்படைக்க வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதுவது நன்றே. ஆயினும் அது போதாது. எந்தத் தொகுப்பி, எந்தப் பதிப்பு, எத்துணை நிரல்கள் என்னும் விவரங்கள் இல்லையேல், ஒப்பந்தக்காரர் விலகிய பின் சிறு பிழையைக்கூடத் திருத்த இயலாது.

1993இல் தோன்றிய டெபியன் என்னும் தன்னார்வலர் அமைப்பு இக்குறைக்கு ஒரு வழி கண்டுள்ளது. (இதன் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியிலேயே நடைபெற்றது.) ஆக்கியோர் வெளியிட்ட மூல நிரல் ஒரு கட்டு, அமைப்பினர் செய்த திருத்தங்கள், கட்டமைப்பு விதிகள், தேவைப்படும் துணைப் பொருள்களின் பட்டியல் ஆகியவை மற்றொரு கட்டு, இரண்டின் சரிபார்ப்பு எண்களையும் தாங்கிய, கையொப்பமிட்ட குறிப்பு ஒன்று. இம்மூன்றும் சேர்ந்ததே மூலப் பொதி. முன்பின் அறியாத ஒருவரும் இதனைக் கொண்டு அம்மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கட்டமைக்கலாம்.

2013 முதல் இம்முயற்சி மேலும் கடுமையாயிற்று. வெவ்வேறு இடங்களில் இருவர் கட்டமைத்தால், விளைவு ஒவ்வொரு பிட்டிலும் ஒத்திருக்க வேண்டும் என்பது நோக்கம். கட்டமைத்த நேரம் நிரலினுள் பதிவாவது போன்ற அற்பக் காரணங்களே இதற்குத் தடையாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் களைவது பெரும் பொறுமையைக் கோரும் பணியாகும்.

எனினும் மூலமே மாசுபட்டால் இச்சோதனை உதவாது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு நிரலில் இதுவே நேர்ந்தது. பொதுக் களஞ்சியத்தில் இல்லாத கட்டளைகள் வெளியீட்டுக் கட்டில் மட்டும் புகுத்தப்பட்டிருந்தன. தொலை நுழைவுக்கு அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராய்ன்ட் என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். ஆகவே, மூலக் கட்டு எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது.

கேரளத்தின் 'கைட்' நிறுவனம் பள்ளிகளுக்கு அளிக்கும் இயக்க அமைப்பு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ டெபியனிலிருந்து கிளைத்தது. மட்டாஞ்சேரிப் பள்ளி மாணவரும் இப்பொதிகளின் பயனாளியே. மத்திய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளித்துக் கொள்கை வகுத்தது. அதனுடன் ஒரு நடைமுறையும் சேர வேண்டும்: துறையின் சொந்தக் கணிப்பொறியில், துறை அலுவலரே மூலத்திலிருந்து கட்டமைத்துப் பார்த்த பின்னரே இறுதித் தவணை வழங்கப்பட வேண்டும்.