முறிந்த எலும்பு சேர்வது எப்படி?

தோலில் ஆழமான காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும். எலும்பு அப்படியல்ல. முறிந்த இடத்தில் அது மீண்டும் எலும்பாகவே வளர்ந்து சேர்கிறது. அது நேராகச் சேர்வதற்கு நமது கவனமும் தேவை.

நெடுந்தீவில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டால், அவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் வந்து குறிகட்டுவானில் இறங்க வேண்டும். பிறகு புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைவழிப் பயணம். படகின் ஆட்டத்திலும் வாகனத்தின் குலுக்கலிலும் முறிந்த முனைகள் அசைந்தால் அருகிலுள்ள குருதிக் குழாய்களும் நரம்புகளும் பாதிக்கப்படலாம்.

ஆகவே புறப்படும் முன்னரே காலை அசையாமல் கட்ட வேண்டும். பலகையோ தடித்த மட்டையோ போதும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாதபடி அது நீளமாக இருக்க வேண்டும். இழுத்து நிமிர்த்துவதும் எண்ணெய் பூசி உருவுவதும் கூடாது. காயம் திறந்திருந்தால் சுத்தமான துணியால் மூட வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் சேவை கிடைக்கும்.

உடலோ முறிந்த கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதலில் முறிவைச் சுற்றிக் குருதி உறைகிறது, வீக்கம் தோன்றுகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் நாரிழையமும் கசியிழையமும் சேர்ந்து மென்மையான பாலம் ஒன்றை அமைக்கின்றன. பின்னர் எலும்பை உருவாக்கும் கலங்கள் அதில் கல்சியம், பொசுபரசு உப்புக்களைப் படியச் செய்து கடினமாக்குகின்றன. கடைசியில் வேறு வகைக் கலங்கள் மேலதிக எலும்பை அரித்தெடுத்துப் பழைய வடிவத்தை மீட்கின்றன. இதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் செல்லும்.

இப்னு சீனா தமது 'அல்கானூன்' மருத்துவ நூலில், வீக்கம் தணியும் முன் இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். இன்றும் வீக்கம் உள்ளபோது வைத்தியர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டர் வைத்துத் துணியால் சுற்றுகிறார்கள். கட்டுப் போட்ட பின் வலி கூடினாலோ, விரல்கள் வெளிறி விறைத்தாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மணிக்கட்டு முறிவு சேர ஏறத்தாழ 6 வாரங்களும், பெரியவர்களின் முழங்கால் கீழெலும்பு சேர 3 முதல் 4 மாதங்களும் எடுக்கலாம். வலி அதற்கு முன்பே குறைந்துவிடும். அப்போது உள்ளே இருப்பது இன்னும் மென்மையான பாலம்தான். “நோவு போய்விட்டது, கட்டை அவிழ்ப்போம்” என்று நாமாக முடிவெடுத்தால் எலும்பு வளைந்து சேரலாம், சேராமலும் போகலாம். நெத்தலி, பால், முட்டை, கீரை ஆகியவற்றை உண்ணக் கொடுப்போம். கட்டை அவிழ்க்கும் நாளை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.