காதுக்குள் கட்டி: கைவைத்தியம் எதுவரை?



"காதுக்குள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுக்கா. சோறு மெல்ல முடியல, அந்தப் பக்கம் சாஞ்சு படுக்க முடியல." குழுக் கூட்டத்தில் ஒருத்தி இப்படிச் சொன்னால் போதும், நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வோம். பூண்டு எண்ணெய் ஊத்து என்பார் ஒருவர். ஊசியால் குத்தி விடு என்பார் இன்னொருவர். இதில் எது சரி, எது ஆபத்து என்று தெரிந்துகொள்வோம்.

கட்டி ஏன் வருகிறது?

காதுத் துவாரம் சுமார் ஒரு அங்குல நீளம். அதன் வெளிப்பகுதியில் மட்டும் சிறு முடிகள் உண்டு. ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு என்று கையில் கிடைத்ததை விட்டுக் குடைகிறோம். தோல் கீறி, தோலிலேயே இருக்கும் கிருமி முடியின் வேரில் புகுந்து சீழ் வைக்கிறது. உடம்புச் சூடு காரணம் இல்லை. அங்கே தோல் இறுக்கமாக ஒட்டியிருப்பதால் சின்னக் கட்டிக்கும் உயிர் போகிற வலி.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகும் நம் பிள்ளைகள் கவனிக்கவும். மெஷின் சத்தத்துக்குக் காதில் வைக்கும் அடைப்பானை அழுக்குக் கையால் தொடக்கூடாது. ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக்கூடாது. அதற்காக அடைப்பான் வைக்காமலும் இருக்கக்கூடாது. சத்தம் காதைக் கெடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதின் மேல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு 3, 4 தடவை. தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

2. வலிக்குப் பெரியவர்கள் பாரசிட்டமால் 500 மி.கி. ஒரு மாத்திரை போடலாம். 6 மணி நேர இடைவெளி வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே போடணும்.

3. குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாயில் வையுங்கள். குளித்ததும் எடுத்துவிடுங்கள்.

4. கட்டி தானாக உடைந்தால் வெளியே வரும் சீழை மட்டும் துடையுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

செய்யவே கூடாதது

கட்டியைப் பிதுக்கவோ குத்தவோ கூடாது. எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் ஊத்தக்கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் போய்விடும். காய்ச்சிய எண்ணெய் உள்ளே புண்ணாக்கிவிடும். மெடிக்கலில் கேட்டு மீதி மருந்தைச் சொட்டு விடுவதும் வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

2 நாளில் வலி குறையாவிட்டால், காய்ச்சல் வந்தால், காதுக்குப் பின்னால் வீங்கினால், காது மந்தமானால், முகம் கோணினால் தாமதிக்காதீர்கள். குழந்தை என்றால் முதல் நாளே காட்டுங்கள். வலியே இல்லாமல் சீழ் வடிந்தாலும் காட்டணும். அது கட்டியாக இல்லாமல் நடுக்காது நோயாக இருக்கலாம்.

முக்கியமாக, சர்க்கரை நோய் உள்ள சகோதரிகள் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தவே கூடாது. அவர்களுக்குக் காதுப் புண் எலும்பு வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி கட்டி வருகிறவர்கள் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். கம்பெனியில் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம்.

"காதுதானே, ஒரு நாள் சம்பளம் போயிடுமே"ன்னு நாம்தான் தள்ளிப்போடுகிறோம். வீட்டில் எல்லோருடைய வலியையும் பார்க்கிறோம், நம் வலியைக் கடைசியில் வைக்கிறோம். பஸ் செலவுக்குக்கூட இல்லையென்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள். அதற்குத்தான் சேமிக்கிறோம்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்:

* நம் குழுவில் சர்க்கரை சோதனை செய்யாதவர்கள் எத்தனை பேர்?
* காது குடையும் பழக்கத்தை இன்றே விடப்போவது யார் யார்?